‘அத்தனையும் பெட்டை’ என்று விற்ற குஞ்சுகளில் பாதிக்கு மேல் கொண்டை சிவக்கிறதே, டாக்டர்!

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவரும் கணவரும் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கார ஆச்சி சென்னையில் இருக்கிறார். பொங்கலுக்கும் படைப்புக்கும் வந்து போவதோடு சரி. பின்கட்டைத் தாண்டி இருக்கும் தோட்டத்தில் கோழி வளர்த்துக்கொள்ள ஆச்சி சம்மதித்திருக்கிறார். நாட்டுக்கோழி முட்டைக்கு இருக்கும் கிராக்கியைப் பார்த்து, ஏழு வாரத்துக்கு முன்னால் 15 நாள் வயதுள்ள 40 குஞ்சுகளை இவர் வாங்கினார். கலந்து எடுத்தால் குஞ்சு 60 ரூபாய், பெட்டையாகப் பொறுக்கினால் 90 ரூபாய் என்றாராம் விற்றவர். “பொரிச்ச அன்னைக்கே இறக்கையைப் பார்த்துப் பிரிச்சது, அத்தனையும் பெட்டை” என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவும் அனுப்பியிருக்கிறார். ஐந்து குஞ்சுகள் செத்துப்போய் மிச்சம் 35. அவற்றில் 20 குஞ்சுகளுக்கு இப்போது கொண்டை சிவந்து வருகிறது.

இதற்கு நடுவே மாமியார், “கூர் முட்டை சேவலு, உருண்டை முட்டை பொட்டை, பார்த்து வையி” என்று சொல்ல, உருண்டையாகப் பொறுக்கி 12 முட்டைகளை அடை வைத்திருக்கிறார். ஒன்பது பொரித்தன. அவை சேவலா பெட்டையா என்று பார்க்க, செல்போனில் கண்ட வீடியோவை நம்பிக் குஞ்சின் பின்பக்கத்தை அழுத்திப் பார்த்திருக்கிறார். மறுநாளைக்குள் இரண்டு செத்துவிட்டன. “ஏழு இருக்கு டாக்டர், இப்ப தொடவே பயமா இருக்கு” என்று எழுதுகிறார்.

அவருடைய கேள்விகள்: பொரித்த அன்றே கண்டுபிடிக்க வழி உண்டா? விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? இத்தனை சேவலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று: பழைய கோழி ஒன்று முட்டையை நிறுத்திவிட்டுக் கூவ ஆரம்பித்திருக்கிறது. வீட்டுக்கு ஆகாது, அறுத்துவிடு என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். ஆச்சி வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் தன் தலையில் விழுமே என்று பயப்படுகிறார்.

அம்மா, செத்துப்போன அந்த இரண்டு குஞ்சுகளிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் பார்த்த வீடியோ பொய்யில்லை. பொரித்த குஞ்சின் எச்சத்துவாரத்தை விரலால் லேசாக விரித்தால் உள்ளே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மேடு தெரியும். சேவலுக்கு அது உருண்டு பளபளப்பாக இருக்கும். 1920களில் ஜப்பானில் மசூயி, ஹாஷிமோட்டோ என்ற ஆய்வாளர்கள் இதை ஒரு தொழில்முறையாகவே ஆக்கினார்கள். பிறகு இதற்கென்று பள்ளிக்கூடங்கள் வந்தன. அங்கே படித்தவர்கள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்ச் சம்பாதித்தார்கள். தேர்ந்த கை மணிக்கு 800, 1,000 குஞ்சுகளைப் பிரித்துத் தள்ளிவிடும். நூற்றில் இரண்டு மூன்றுதான் தவறும்.

ஆனால் அந்தக் கை தேர்வதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். சில பெட்டைகளுக்கும் அந்த மேடு இருக்கும், சில சேவல்களுக்குத் தட்டையாகக் கிடக்கும். படிக்கிற காலத்தில் எங்களுக்கும் ஒரு நாள் இதைக் காட்டிக்கொடுத்தார்கள். 20 குஞ்சுகளைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். நான் 11 சரியாக எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலும் கிட்டத்தட்ட அதே மார்க்தான் வந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மிச்ச மஞ்சள் கரு ஒரு பையாக இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் அதுதான் அதற்குச் சோறு. பழகாத விரல் வயிற்றை அழுத்தினால் அந்தப் பை உடைந்துவிடும், குடலும் நசுங்கும். உங்கள் குஞ்சுகளுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். தெரியாமல் செய்தது, மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். மிச்சமிருக்கும் ஏழையும் அப்படிப் பார்க்காமல் விட்டால் போதும்.

கூர் முட்டை, உருண்டை முட்டை

உங்கள் மாமியார் சொன்னது நம் ஊரில் மட்டும் உள்ள பேச்சு அல்ல. உலகம் முழுக்க உண்டு. அவரோடு சண்டை போட வேண்டாம். அவரையே கூட்டிக்கொண்டு போய் முட்டையிடும் கோழிகளைக் கவனியுங்கள். ஒரு கோழி அநேகமாக எப்போதும் ஒரே வாகில்தான் முட்டையிடும். கூர் முட்டை இடுகிற கோழி அடுத்த மாதமும் கூர் முட்டையே இடும். வடிவத்தில்தான் விஷயம் இருக்கிறது என்றால் அந்தக் கோழி ஆயுசுக்கும் சேவலாகவே பொரிக்க வேண்டும். அப்படி ஒரு கோழியை உங்கள் மாமியாரும் பார்த்திருக்க மாட்டார்.

அப்புறம் ஏன் இந்தப் பேச்சு நிலைத்து நிற்கிறது? பத்துக் குஞ்சு பொரித்தால் ஏழோ அதற்கு மேலோ பெட்டையாக வருவது, எந்த வித்தையும் செய்யாமலே, ஏறக்குறைய ஆறு அடைக்கு ஒரு தடவை நடக்கும். அந்த ஒரு தடவையை ஊரே சொல்லிக்கொண்டிருக்கும். மற்ற ஐந்தை மறந்துவிடுவார்கள். முட்டைக்கு மேலே நூலில் மோதிரத்தைக் கட்டி ஆட்டிப் பார்ப்பதும் இந்த வகைதான். சூட்டைக் குறைத்தால் பெட்டை வரும் என்று இன்குபேட்டர் வைத்திருப்பவர்கள் சிலர் சொல்வார்கள். முதலைக்கும் கடலாமைக்கும் மணலின் சூடு ஆண் பெண்ணைத் தீர்மானிக்கும் என்பது உண்மை. கோழிக்கு அப்படி இல்லை, 37.5 டிகிரியை விட்டு இறக்கி ஏற்றினால் குஞ்சு முட்டைக்குள்ளேயே சாகும், அவ்வளவுதான்.

கோழியில் இதைத் தீர்மானிப்பது தாய். மனிதரில் ஆணிடமிருந்து வருகிற அணுவில்தான் ஆணா பெண்ணா என்ற வித்தியாசம் இருக்கிறது. கோழியில் நேர்மாறு. சேவலிடம் இசட் குரோமோசோம் மட்டும். பெட்டையிடம் இசட், டபிள்யூ என இரண்டு விதம். முட்டை உருவாகும்போதே அதில் எது போய்ச் சேர்ந்ததோ அதன்படிதான் எல்லாம். அடை வைக்கும் அன்று நீங்கள் செய்வதற்கு ஒன்றுமே பாக்கியில்லை. (மகள் பிறந்தால் மருமகளைக் குறை சொல்கிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கோழியைத்தான் மனிதர் என்று நினைத்துக்கொண்டார்களோ என்று எனக்குத் தோன்றும்.)

உருண்டையாகப் பொறுக்கியதில் ஒரு நஷ்டமும் உண்டு. ரொம்ப உருண்டையும் சரி, ரொம்ப நீளமும் சரி, பொரிப்பில் குறையும். அடைக்கு நடுத்தரமான வாகு, அழுக்கில்லாத ஓடு, இட்டு ஏழு நாளுக்கு மேல் ஆகாத முட்டை. அவ்வளவு பார்த்தால் போதும்.

‘இறக்கையைப் பார்த்துப் பிரிச்சது’

இங்கேதான் நீங்கள் ஏமாந்தீர்கள். முழுப் பொய்யை யாரும் நம்ப மாட்டார்கள். பாதி உண்மை கலந்தால்தான் விலை போகும்.

பொரித்த குஞ்சின் இறக்கையை விசிறி போல மெல்ல விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு வரிசை இறகு தெரியும். கீழ் வரிசை பின்னால் பறக்கும் இறகாக ஆகப்போவது. மேல் வரிசை அதை மூடுகிற இறகு. சில குஞ்சுகளுக்குக் கீழ் வரிசை நீளமாக, மேலது குட்டையாக, சீப்புப் பல் மாதிரி மாறி மாறி நிற்கும். சிலவற்றுக்கு இரண்டும் ஒரே நீளத்தில் இருக்கும், அல்லது மேலது நீண்டிருக்கும். முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குக் குஞ்சு கொடுக்கும் பெரிய பொரிப்பகங்களில் இதைப் பார்த்தே பிரிப்பதுண்டு. நீண்டு நிற்பது பெட்டை, சமமாக இருப்பது சேவல்.

ஆனால் அங்கே இது பலிப்பதற்குக் காரணம் குஞ்சு இல்லை, தாய் தகப்பன். இறகு மெதுவாக முளைக்க வைக்கும் ஒரு மரபணு அந்த இசட் குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணு உள்ள பெட்டைகளையும், இறகு சீக்கிரம் முளைக்கும் சேவல்களையும் தனித்தனி வம்சமாக வைத்திருந்து இணை சேர்க்கிறார்கள். பிறக்கும் சேவல் குஞ்சுகளுக்குத் தாயின் மெதுவான குணம் வரும். பெட்டைக் குஞ்சுகளுக்குத் தகப்பனின் வேகம் மட்டும் வரும். அதனால் இறக்கை காட்டிக்கொடுக்கிறது. அதுவும் முதல் இரண்டு மூன்று நாள் மட்டும்தான். அப்புறம் எல்லா இறகும் வளர்ந்து கலந்துவிடும்.

உங்கள் தோட்டத்திலோ, சந்தைக்கு வரும் நாட்டுக்கோழியிலோ யார் வம்சம் பிரித்து வைத்திருக்கிறார்கள்? தெருவில் நாலு வீட்டுச் சேவல் மேய்கிறது. அந்தக் குஞ்சுகளிலும் நீண்ட இறக்கை, சமமான இறக்கை இரண்டும் இருக்கும். அதற்கும் ஆண் பெண்ணுக்கும் சம்பந்தம் இருக்காது. சிறுவிடையோ பெருவிடையோ அசிலோ, கலந்து வளர்ந்த நாட்டுக்கோழியில் பொரித்த அன்றே இறக்கையைப் பார்த்துப் பெட்டை பிரித்தேன் என்று யாராவது சொன்னால், அந்த 30 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அவரே அதை நம்பிச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்த குஞ்சு வியாபாரிகளில் பாதிப் பேர் நிஜமாகவே நம்புகிறார்கள்.

நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. வரி இல்லாத முழுக் கறுப்புச் சேவலையும், உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளை வரி ஓடும் பெட்டைகளையும் மட்டும் தனியாக அடைத்து வைத்துப் பொரித்தால், கறுப்புக் குஞ்சுகளில் தலை உச்சியில் வெள்ளைப் பொட்டு இருப்பது சேவல். பொட்டு இல்லாதது பெட்டை. அடுத்த தலைமுறையில் குஞ்சும் குஞ்சும் கலந்தால் இது குழம்பிவிடும். தோட்டத்தில் ஒரு மூலையைத் தடுத்து முயற்சி செய்து பார்க்க ஆசை இருந்தால் செய்யுங்கள்; இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இறகைச் சோதனைச்சாலைக்கு அனுப்பி டிஎன்ஏ பார்ப்பது கிளி வளர்ப்பவர்களுக்குச் சரி. 60 ரூபாய்க் குஞ்சுக்கு அது கட்டாது.

உங்கள் 35 குஞ்சுகளை இன்று எப்படிப் பார்ப்பது

கொண்டை சிவந்த 20ம் சேவல் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒன்பது வாரத்தில் கொண்டை நல்ல சாட்சிதான், ஆனால் ஒரே சாட்சி இல்லை. ஒரு குஞ்சைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒரே வயதுக் குஞ்சுகள் நாலைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். சாயங்காலம் பஞ்சாரத்தில் அடைக்கும் நேரம் இதற்குத் தோது.

ஒற்றைக் கொண்டை உள்ள குஞ்சு என்றால், சேவலுக்கு நாலாவது ஐந்தாவது வாரத்திலேயே கொண்டையின் அடி அகன்று, மஞ்சளிலிருந்து ரோஸ் நிறத்துக்கு மாறும். எட்டு வாரத்துக்குள் பல்லெல்லாம் தெரிய நன்றாகச் சிவந்து, தாடியும் தொங்க ஆரம்பிக்கும். பெட்டைக்கு அந்த வயதில் கொண்டை வெளிறி, மெலிந்து கிடக்கும். முட்டைக்கு வரும் சமயத்தில்தான் அதற்குச் சிவக்கும். காலைப் பாருங்கள்: சேவலின் கணுக்கால் தடித்திருக்கும். இறகு முளைப்பதில் பெட்டை முந்திக்கொள்ளும். சேவலுக்கு ஆறு வாரத்திலும் முதுகு பாதி மொட்டையாக, வால் குட்டையாக வளைந்து, பார்க்கப் பாவமாக இருக்கும். கீரி நிறக் கோழிகளில் மார்பைக் கவனியுங்கள். மார்பில் கறுப்பு இறகு வந்தால் சேவல், செம்மண் நிறமாகவே நின்றால் பெட்டை.

மூன்று சாதிகளில் இந்தக் கணக்கு தப்பும். அசில் கலப்புக்கு பட்டாணிக் கொண்டை, தலையோடு ஒட்டிக் கிடக்கும், தாடியும் பேருக்குத்தான். சேவலுக்கே சிறியது என்பதால், அசில் சேவலைப் பெட்டை என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. கடக்நாத் என்கிற கருங்கோழிக்குக் கொண்டையே கருநீலம். சிவப்பைத் தேடினால் கிடைக்காது, அகலத்தைத்தான் பார்க்க வேண்டும். கழுத்தில் மயிர் இல்லாத மொட்டைக் கழுத்துக் கோழியில் கழுத்து இறகை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விடத் தீர்ப்பாகச் சொல்வது முதுகின் பின்பகுதி, வாலுக்கு முன்னால் இருக்கும் இடம். 10 முதல் 12 வாரத்துக்குள் அங்கே முளைக்கும் இறகைப் பாருங்கள். கோழியை மடியில் வைத்து, ஒரு கையால் இறக்கை இரண்டையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, மற்றக் கை விரலால் அந்த இடத்து இறகை எதிர்ப்பக்கமாகக் கோதிவிடுங்கள். பெட்டைக்கு நுனி வெற்றிலை மாதிரி உருண்டு மங்கலாக இருக்கும். சேவலுக்குப் புதிதாக வரும் இறகு ஒல்லியாக, ஈட்டி முனை மாதிரி கூர்ந்து, எண்ணெய் தடவியதுபோல மின்னும். பழைய குஞ்சு இறகுகளுக்கு நடுவே அப்படி இரண்டு மூன்று தலைகாட்டினாலே போதும். அது பெட்டையாக இருக்க வாய்ப்பில்லை. கால் முள்ளை நம்பாதீர்கள், வயதான பெட்டைக்கும் முளைக்கும். யார் முந்திச் சண்டைக்கு நிற்கிறது, யார் தலையை நிமிர்த்திப் பார்க்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். எங்கள் வீட்டில் எல்லாரையும் கொத்தி விரட்டிய குஞ்சுதான் கடைசியில் முதலாவதாக முட்டையிட்டது.

சந்தேகமில்லாத சேவலுக்குச் சிவப்பு நூல், பெட்டைக்கு வெள்ளை நூல், சந்தேகமானதற்கு எதுவும் வேண்டாம். காலில் தளர்வாகக் கட்டி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவிழ்த்து மாற்றுங்கள். கால் பருக்கும்போது நூல் இறுகிப் புண்ணாகிவிடும். மூன்று வாரத்தில் நூல் கட்டாதது ஒன்றிரண்டுக்கு மேல் மிஞ்சாது. என் அனுபவத்தில், இப்போது 20 என்று எண்ணுவது அப்போது 17, 18 ஆகலாம். 35க்கு 17 சேவல் என்றால் அது யாரும் பொறுக்காத, கலந்த குஞ்சுதான் என்பது உங்களுக்கே விளங்கும்.

விற்றவரிடம் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அந்தக் குரல் பதிவையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அழித்துவிடாதீர்கள். நூல் கட்டி எண்ணிய பிறகு, வரிசையாகப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, பெட்டைக்கென்று கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பித் தாருங்கள் என்று நேராகக் கேளுங்கள். 40 குஞ்சுக்கு 30 ரூபாய் வீதம் 1,200 ரூபாய். முழுப் பணத்தையும் கேட்டால் அவர் கதவைச் சாத்திக்கொள்வார். வித்தியாசத்தைக் கேட்டால் பெரும்பாலும் இறங்கி வருவார். ‘சேவலைக் கொண்டு வா, பெட்டை தருகிறேன்’ என்று அவர் சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள். பத்து இடத்துக் கோழி ஏறி இறங்கும் வண்டியிலிருந்து வரும் குஞ்சோடு வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோயும் வரும்.

நடக்கவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கோழி வளர்த்து விற்கிற நான் நுகர்வோரா என்று நீங்கள் நினைக்கலாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியவரையும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்; 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனாலும் 1,200 ரூபாய்க்காகச் சிவகங்கைக்கு நாலு தடவை பஸ் ஏற வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஒரு தடவை அழுத்திக் கேட்பேன். தராவிட்டால், அடுத்து யாரும் அவரிடம் பெட்டை விலை கொடுக்காதபடி ஊரில் சொல்லிவைப்பேன்.

இதோடு ஒன்று: செத்துப்போன ஐந்தும் எப்படிச் செத்தன என்று நீங்கள் எழுதவில்லை. கழிச்சல் தடுப்பூசி போடாமல் இருந்தால், எட்டு வாரம் தாண்டிவிட்டதால் இறக்கையில் போடும் ஊசிக்கு இதுதான் சமயம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் இந்த வாரமே கேளுங்கள். சேவலா பெட்டையா என்ற கேள்வியைவிட இது அவசரம்.

இத்தனை சேவல் நஷ்டமா?

முட்டைக்கோழிப் பண்ணையில் சேவல் குஞ்சு நஷ்டம்தான். அந்தச் சாதி கறி வைக்காது. திருவிழாவில் சாயம் பூசிக் குழந்தைகளுக்கு விற்கிறார்களே, அந்த ரோஸ், பச்சைக் குஞ்சுகள் பெரும்பாலும் அப்படிக் கழித்த சேவல்கள். பொரித்த அன்றே அவற்றைக் கொல்வதை ஜெர்மனி 2022 முதல் சட்டம் போட்டு நிறுத்தி, முட்டைக்குள் இருக்கும்போதே கண்டுபிடிக்கும் இயந்திரங்களுக்குப் போயிருக்கிறது. பெட்டை பெட்டை என்று எல்லாரும் தேடும் பழக்கம் அந்தப் பண்ணைகளிலிருந்து வந்தது. அதை நாட்டுக்கோழிக்கும் பொருத்தியதுதான் உங்கள் கணக்கில் விழுந்த தப்பு.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60, 80 முட்டைதான் இடும். ஆறு மாதம் ஆகாமல் இட ஆரம்பிக்காது. நடுவில் அடைக்கு உட்கார்ந்துவிடும். 35ம் பெட்டையாகவே இருந்திருந்தாலும் அடுத்த நாலு மாதம் தீவனச் செலவு மட்டும்தான். சேவல் என்றால் ஐந்தாறு மாதத்தில் உயிர் எடைக்குக் காசு. அதுவும் நம் பக்கத்தில் சேவலுக்கென்று தனி நாள் உண்டு. மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட வெளியூரிலிருந்து எல்லாரும் வந்து இறங்கும்போது, கருப்பருக்கும் முனிக்கும் நேர்ந்த சேவலைத் தேடி அலைவார்கள். சில வீட்டில் கருஞ்சேவல்தான் வேண்டும், சில வீட்டில் செஞ்சேவல். நிறம் பார்த்து இரண்டு மூன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள். கறிக்கு வாங்குகிற மெஸ்காரர்களும் இளஞ்சேவலைத் தனியாகக் கேட்பார்கள். கல்பாசியும் மராட்டி மொக்கும் போட்டுக் குழம்பு வைத்தால் எலும்பு வரைக்கும் சாறு இறங்க வேண்டும், பண்ணைக்கோழியில் அது வராது.

பதினைந்து, பதினெட்டுப் பெட்டைக்கு இரண்டு சேவல் போதும். நல்ல உடல்வாகும் சாந்த குணமும் உள்ளதாக இரண்டை நிறுத்திக்கொண்டு, மற்றவற்றை 12 வாரத்திலிருந்து தனியாக அடையுங்கள். சேர்ந்தே இருந்தால் சேவல்கள் ஒன்றையொன்று கொத்தும், பெட்டைகளையும் நிம்மதியாக மேயவிடாது. இடம் போதுமா என்று தயங்க வேண்டாம். பின்கட்டு வாசலை ஒட்டி ஒரு மூங்கில் தடுப்பு போதும். ஆச்சியிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். விடிய மூன்றரைக்கே கூவ ஆரம்பித்துவிடும், பொங்கலுக்கு வந்து படுக்கும்போது கோபித்துக்கொள்ளக் கூடாது இல்லையா.

அசில் வாகுச் சேவலுக்கு இரட்டை விலை தருகிறேன் என்று யாராவது வந்தால் எதற்கு என்று கேளுங்கள். சண்டைக்கு விடுவதற்கு என்றால் கொடுக்காதீர்கள். விலங்குகளை மோதவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கத்தி கட்டிய சேவலைத் தைப்பதற்கு ராத்திரி என் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அந்த வேலை எனக்குப் பிடிக்காது.

அடுத்த தடவை குஞ்சு வாங்கினால் கலந்த குஞ்சாகவே, கலந்த விலைக்கே வாங்குங்கள். பெட்டைதான் வேண்டும் என்றால் மூன்று மாதம் வளர்ந்த வெடக்கோழியாகக் கேளுங்கள். விலை கூடத்தான் இருக்கும். அந்த முதுகு இறகைக் கோதிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நாட்டுக்கோழி வளர்ப்புப் பயிற்சி எப்போது என்று ஒரு நாள் நேரில் போய் விசாரித்து வாருங்கள்.

கூவுகிற கோழி

பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியும் என்பார்கள். கூவினால் அபசகுனம் என்பதும் அதோடு ஒட்டிக்கொண்டது. நடப்பது இதுதான். கோழிக்குச் சினைப்பை இடது பக்கம் ஒன்றுதான் வேலை செய்யும். வலதுபக்கத்தது முளையிலேயே நின்றுபோகும். வயதாகியோ, கட்டி வந்தோ, நோயிலோ அந்த இடதுபக்கம் கெட்டுப்போனால், பெண் சுரப்பு குறைந்துவிடும். அப்போது வலதுபக்கம் கிடந்தது கொஞ்சம் விழித்துக்கொண்டு ஆண் சுரப்பை விடும். கொண்டை பெருக்கும், இறகு கூர்க்கும், கூவும். ரத்தத்தில் அது பெட்டைதான். சேவலே இல்லாத கூட்டத்தில் தலைமைக் கோழி சும்மாவே கூவிப் பார்ப்பதும் உண்டு.

இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 1474இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் முட்டையிட்ட சேவல் என்று ஒன்றை விசாரணை நடத்தி, தீர்ப்பெழுதி, எரித்தே விட்டார்கள். அது இப்படிப்பட்ட ஒரு கோழியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

உங்கள் கோழி நன்றாகத் தின்று, நடமாடி, வயிறு வீங்காமல் இருந்தால் அதன் போக்கில் விடுங்கள். வயிறு கனத்து, பென்குவின் மாதிரி நிமிர்ந்து நடந்தால் உள்ளே கட்டியோ நீரோ இருக்கும். அப்படியிருந்தால் மருந்தகத்துக்குக் கொண்டுவாருங்கள், அறுத்தாலும் கறிக்கு வைக்காதீர்கள். ஆச்சி கேட்டால் வயசான கோழி, அதான் தொண்டை மாறிப்போச்சு என்று சொல்லுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.